கடலுக்கு முதுகு காட்டிய ராட்டினம்

என் அக்காவின் மகன் நிசாந்தன் கனடாவில் ஒரு பெரிய களியாட்டப் பூங்காவில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். எடுத்தால் பூங்காக் கதைதான். முன்பெல்லாம் கோடையில் மட்டும் திறந்த இடங்கள் இப்போது இலை உதிர்கிற காலத்தில் பேய் வேசம் போட்டும், பனிக்காலத்தில் லைற் கட்டியும் ஆட்களைக் கூப்பிடுகின்றனவாம். வரிசையில் நின்று கால் கடுக்கிற வழக்கம் குறைந்து வருகிறதாம். போனிலேயே தன் முறையைப் பதிந்துவிட்டுச் சனம் சாப்பிடப் போகிறதாம். அடிக்கடி புதுச் சவாரி ஒன்று வைக்காவிட்டால் ஆட்கள் அடுத்த பூங்காவுக்குப் போய்விடுவார்களாம். மழைக்கும் குளிருக்கும் பயப்படாமல் கூரைக்குள்ளேயே குளம் கட்டி, அதில் அலையும் அடிக்க விடுகிறார்களாம்.

பக்கத்தில் இருந்து கேட்ட என் மனைவி, "காசு குடுத்தா அலைக்குள்ள போறாங்க?" என்றாள்.

"ஓம் மாமி, அதுக்குத்தான் கூடச் சனம்" என்றான் அவன்.

அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

போன மாதம் அவனுக்கு அங்கே பதவி கூடியிருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்குவதும் இப்போது அவன் பொறுப்பு. "மாமா, சவாரி இடையில நிண்டா சனத்தை எப்பிடி இறக்கிறது எண்டு எங்களுக்குத் தனி வகுப்பு இரிக்கு. உங்கட ராட்டினம் இடையில நிண்டதே இல்லையா?" என்று கேட்டான்.

"நிண்டது" என்றேன்.

"அப்ப என்ன செஞ்சீங்க?"

எனக்குப் போனில் கதைக்க வராது. நேரில் கதைக்கவும் வராது. "எழுதி அனுப்புறன்" என்று சொல்லிவிட்டேன். மனைவி சிரித்தாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும்தான். ஆனால் எழுதும்போது எதிரில் ஆள் இல்லை. அது எனக்கு வசதி.

மாங்கேணியில் பிறந்தவன் நான். அப்பாவோடு தோணிக்குப் போய்க்கொண்டிருந்த வயதில், ஏறாவூரில் இருந்து லாபீர் காக்காவின் ராட்டினம் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு வந்தது. முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். மண்ணில் கட்டை புதைக்க ஆள் தேவைப்பட்டது. நான் புதைத்தேன். திருவிழா முடிந்து ராட்டினத்தைக் கழற்றி லொறியில் ஏற்றியபோது நானும் ஏறிவிட்டேன். கிறீஸ் பூசுவது, பூட்டு ஆணி பார்ப்பது, கம்பி இழுத்துக் கட்டுவது என்று இரண்டு மூன்று வருசம் போனது. பிறகு பிறேக் என் கைக்கு வந்தது. தோள்மூட்டு தேய்ந்து இனி ஏலாது என்று வைத்தியர் சொல்லும்வரை அந்தப் பிறேக்கில்தான் நின்றேன்.

பிறேக் என்றால் ஒரு நீண்ட மரத்தண்டு. அதை அழுத்தினால், பழைய டயர் றப்பர் அடித்த கட்டை ஒன்று இரும்பு உருளையில் போய் இறுகும். அந்த உருளையைப் பார்த்து நிற்க வேண்டும். சனத்துக்கு முதுகு. யாரும் என்னோடு கதைக்க மாட்டார்கள், நானும் கதைக்கத் தேவையில்லை. எனக்கென்று யாரோ யோசித்துச் செய்த வேலை போல இருந்தது.

கதைப்பதற்கு எங்களிடம் செல்வம் இருந்தான். மைக் அவனுடையது. "வாருங்கள் வாருங்கள், வானத்தைத் தொட வாருங்கள்" என்று தொடங்கினால் பக்கத்து ஊருக்கும் கேட்கும். டீசல் எஞ்சினைப் பார்த்தவர் தங்கராசா அண்ணன், பெரியகல்லாற்று ஆள். ஆட்களை ஏற்றுவதும் இறக்குவதும் லாபீர் காக்கா மட்டும். அதை வேறு ஒருவரும் தொடக் கூடாது.

காக்கா மெலிந்த மனுசர். இழுப்பு வருத்தம் இருந்தபடியால் சத்தமாகக் கதைக்க முடியாது. ஏச்சும் மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு நாளும் திறப்பதற்கு முன் ஆட்கள் ஏறுகிற எல்லாப் பெட்டியின் ஆணியையும் கையால் தடவிப் பார்ப்பார். பெட்டிக் கதவின் பூட்டு ஆணி வெளிப்பக்கம்தான் இருக்கும். உள்ளே இருப்பவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் தானாகத் திறக்க முடியாது. பார்த்து முடிந்ததும் "பிஸ்மில்லா" என்று சொல்லி முதல் சுற்றுக்குத் தானே ஏறுவார். மேலே போய் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். சத்தம் கேட்கிறாராம். எங்காவது ஒரு கீச்சுச் சத்தம் கேட்டால் அன்றைக்கு அதைக் கண்டுபிடிக்கும்வரை திறப்பு இல்லை.

ராட்டினத்துக்கு முக்கியம் சமநிலை. ஒரு பக்கம் கனத்தால் எஞ்சின் திணறும், பெல்ட் வழுக்கும், பிறேக்கும் தாங்காது. அதனால் கீழே ஒரு பெட்டி நிறைந்தால் அடுத்ததாக நிறைவது அதற்கு நேர் எதிரே மேலே நிற்கிற பெட்டி. பாதிச் சுற்றுச் சுற்றி அதைக் கீழே கொண்டுவந்து, முதல் பெட்டிக்குச் சரியான பாரத்தை அதில் வைப்பார் காக்கா. தராசு கிடையாது, கண்தான். வரிசையில் நிற்பவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு இடையில் இருந்து ஆள் எடுப்பார். இதில்தான் சண்டை வரும்.

"நாங்க முதல் வந்த நாங்க. பின்னால வந்தவங்களை ஏத்துறீங்க!"

"ஓம் வாப்பா, நீங்க முதல் வந்தீங்க. ஆனா நீங்க ஒரு முழு ஆள். உங்களுக்கு எதிர்ல வைக்க இன்னும் எனக்கு ஒராள் வந்து சேரேல்ல."

வரிசை முழுக்கச் சிரிக்கும். அந்த மனுசரும் சிரிப்பார். காக்கா சிரிக்க மாட்டார், அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பாரம் காணாவிட்டால் காசு வாங்காமலே ஆள் ஏற்றுவார். தேத்தண்ணிக்கடைக்காரர், பலூன் விற்பவர், யார் பக்கத்தில் நின்றாலும் கூப்பிடுவார். எங்கள் பேச்சில் அதற்குப் பெயர் 'பாரத்துக்கு ஏறுறது.'

இன்னொரு விசயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பெட்டிகளில் முதுகுப் பலகை உயரம். இருப்பவர் முன்னால் மட்டும்தான் பார்க்கலாம். திரும்பிப் பார்ப்பதென்றால் இருக்கையில் முழங்கால் ஊன்றி எழும்ப வேண்டும். எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்பது நாங்கள் பெட்டியை மாட்டுகிற விதத்தில் இருக்கிறது. சமாதானம் என்று சொன்ன காலத்தில் ஓரிடத்தில் ராட்டினம் பூட்டியபோது, பக்கத்து ஆமிக்காம்பில் இருந்து அதிகாரியான ஒரு பெரியவர் வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். மேலே இருந்தால் காம்ப் தெரியுமா?

நாங்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தோம். காக்கா மாத்திரம், "இப்ப தெரியும் சேர். பின்னேரம் தெரியாது" என்றார். அன்று மத்தியானம் எல்லாப் பெட்டியையும் கழற்றித் திருப்பி மாட்டினோம். காம்புக்குச் சனத்தின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்தப் பெரியவர் பின்னேரம் வந்து, ஏறிப் பார்த்து, சிரித்துக்கொண்டு போனார்.

கடல் ஊருக்குள் வந்த சுனாமி நாளில் ராட்டினம் ஏறாவூரில் கழற்றிக் கிடந்தது. எங்களுக்குச் சேதம் இல்லை. மழைக்குப் போர்த்துகிற படங்குகளையும் பலகைகளையும் காக்கா சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார். எஞ்சினையும் கொடுத்தார். உப்புத் தண்ணீர் நிறைந்த கிணறுகளை இறைக்க அதில் பம்பைப் பூட்டி, தங்கராசா அண்ணனும் நானும் ஊர் ஊராகக் கொண்டு திரிந்தோம். மாங்கேணியில் எங்கள் வீடு போனது, ஆட்கள் தப்பினார்கள். பிறகு மறுபடியும் சண்டை வந்தது, இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம். அதெல்லாம் வேறு கதை.

சண்டை முழுதாக ஓய்ந்த பிறகு, பெரியகல்லாற்றில் இருந்து ஆட்கள் வந்து காக்காவைக் கேட்டார்கள். கார்னிவல் வைக்கப் போகிறோம், ராட்டினம் வேண்டும் என்றார்கள்.

பெரியகல்லாறு எப்படிப்பட்ட இடம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். அந்த நிலத்தில் கடல் செய்ததைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. மைதானத்தில் நின்றால் கடல் தெரியாது. இடையில் மதிலும் புதுக் கல்வீடுகளும் இருந்தன. ஆனால் ராட்டினத்தின் உச்சியில் இருந்து முழுக்கத் தெரியும். மறைப்பதற்குத் தென்னைகள்கூட இல்லை. அவையும் போயிருந்தன.

பூட்டி முடித்ததும் முதலில் ஏறிப் பார்த்த காக்கா, இறங்கி வந்து என்னிடம் சொன்னார். "பெட்டியைத் திருப்பி மாட்டு தம்பி. வாவிப் பக்கம் பார்க்கட்டும். கடல் முதுகுப் பக்கம் கிடக்கட்டும்."

"பின்னேர வெயில் கண்ணில குத்துமே காக்கா" என்றார் தங்கராசா அண்ணன்.

"வெயில் குத்தினா கண்ணை மூடலாம்."

எல்லாப் பெட்டியையும் திருப்பி மாட்டினோம்.

கார்னிவல் தொடங்கி இரண்டு மூன்று நாட்களாகச் சனம் நிறைந்து வழிந்தது. இத்தனை வருசமும் எங்கேதான் இருந்தது இந்தச் சனம் என்று இருந்தது. வாசலில் கச்சான் கடலையைக் கடதாசிச் சரைகளில் சுற்றி விற்றவர் சரசு அக்கா. அந்த ஊர்தான். கடல் வந்தபோது புருசனைக் கொடுத்தவர். அதைத் தங்கராசா அண்ணன்தான் எனக்குச் சொன்னார். அதன் பிறகு கடலைப் பார்க்கவே இல்லையாம். கடற்கரை வீதியால் போக வேண்டி வந்தால் சேலைத் தலைப்பால் அந்தப் பக்கத்து முகத்தை மறைத்துக்கொண்டு போவாராம். கச்சான் பெட்டியைக்கூடக் கடல் பக்கத்து மதிலுக்கு முதுகு வைத்துத்தான் போட்டிருந்தார். ஆனால் வாய்க்காரி. செல்வம் மைக்கில் கத்தினால், "உன்ர தொண்டையில ஒரு பிடி கச்சானைப் போட்டு அடைக்கட்டா?" என்பார்.

அப்படி ஒரு நாள் பின்னேரம், வெயில் சாய்ந்துகொண்டிருந்த நேரம். பெண்களும் பிள்ளைகளும்தான் கூடுதல். எல்லாப் பெட்டியும் நிறைந்து ஒன்று மட்டும் மிச்சம். அதற்கு எதிர்ப் பெட்டியில் நன்றாகக் கனத்த ஒரு அம்மா இருந்தார். வரிசையில் நின்றவை எல்லாம் சின்னஞ்சிறுசுகள். காக்கா வாசல் பக்கம் பார்த்தார்.

"மகள் சரசு, ஒருக்கா வந்து ஏறுங்க. இந்தப் பெட்டிக்குப் பாரம் காணாது."

"என்ன காக்கா, நான் என்ன நெல்லு மூட்டையா?"

"நெல்லு மூட்டைக்கு வாய் இல்ல மகள். இருந்தா அதைத்தான் ஏத்துவன்."

சனம் சிரித்தது. சரசு அக்காவும் சிரித்துக்கொண்டு எழும்பினார். பெட்டிக்குக் கிட்ட வந்ததும் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்திக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றபடியால் எனக்குக் கேட்டது.

"கடல் தெரியுமா காக்கா?"

"தெரியாது. முதுகுப் பக்கம் கிடக்கு. அதுக்கெண்டுதான் அப்பிடி மாட்டின."

அவர் கச்சான் தட்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்.

ராட்டினம் சுற்றத் தொடங்கியது. நாலைந்து சுற்றுப் போயிருக்கும். வீதிப் பக்கம் இருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் சண்டை என்று நினைத்தேன். பிறகு சொல் விளங்கியது.

"கடல் வருது! கடல் வருது!"

யார் முதலில் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. எங்கோ நிலம் ஆடியதாக யாருக்கோ போன் வந்ததாம் என்று பிறகு சொன்னார்கள். வேறு கதைகளும் சொன்னார்கள். அந்த நேரத்தில் ஒருவரும் கதை கேட்கவில்லை. மைதானம் முழுக்க ஒரே திசையில் கிளம்பியது. வாவிப் பக்கம். செருப்புகள், பலூன்கள், பிள்ளைகளைத் தூக்கிய கைகள். செல்வம் மைக்கைப் போட்டுவிட்டு ஓடினான். தங்கராசா அண்ணன் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். அவருடைய வீடு கடற்கரை வீதியில். வீட்டில் தாய் படுத்த படுக்கை. "யோகு, அம்மா..." என்றார். ஓடினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எஞ்சினை நிற்பாட்டிவிட்டு ஓடினாரே, அதுவே பெரிய காரியம்.

எஞ்சின் நின்றால் ராட்டினத்தைப் பிடித்திருப்பது பிறேக் மட்டும்தான். நான் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினேன். நின்றது. எல்லாப் பெட்டியிலும் ஆட்கள். எல்லாரும் கத்தினார்கள். "இறக்குங்க! இறக்குங்க!" சில பெண்கள் கதவை உலுப்பினார்கள். ஆணி வெளியில் இருந்தபடியால் திறபடவில்லை. இல்லாவிட்டால் குதித்திருப்பார்கள்.

எஞ்சின் இல்லாமல் இறக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. காக்கா எங்களுக்குப் பழக்கியிருந்தார். கீழே நிற்கிற பெட்டியில் உள்ளவர்களை இறக்கினால் அதற்கு நேர் எதிரே மேலே நிற்கிற பெட்டி கனத்துவிடும். பிறேக்கை மெல்ல விட்டால் அது தன் பாரத்தாலேயே இறங்கி வரும். அதை இறக்கினால் மறுபடி சமம். பிறகு கையால் தள்ளி அடுத்த பெட்டியைக் கீழே கொண்டுவந்து, அதை இறக்கி, அதன் எதிர்ப் பெட்டி. இப்படி எதிரும் எதிருமாகத்தான் முடிக்க வேண்டும். யார் கூடுதலாகக் கத்துகிறார்களோ அவர்களை முதலில் இறக்கினால், ஒரு பக்கம் வெறுமையாகி மறுபக்கம் விழுந்தடித்து வரும். அப்போது பிறேக்கில் ஒருவர் அல்ல, நாலு பேர் நின்றாலும் பிடிக்க ஏலாது. இறங்குகிற பெண்ணை அடுத்த பெட்டி அடித்துப் போட்டுவிடும்.

காக்கா கீழ்ப்பெட்டியின் ஆணியை இழுக்கக் குனிந்தார். அதற்குள் ஒரு நீலச் சட்டைக்காரர் ஓடி வந்தார். அவருடைய மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் நடுவுயரத்தில் ஒரு பெட்டியில் நின்றார்கள். பாய்ந்து வளையத்தைப் பிடித்துத் தொங்கினார். தன் பிள்ளைகளைக் கீழே இழுக்கப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் வந்து அவரோடு சேர்ந்தார்கள். அவர்களுக்கும் மேலே ஆள் இருந்தது. ராட்டினம் அசைந்தது. என் கையில் தண்டு நடுங்கியது. றப்பர் எரிகிற மணம் வந்தது.

காக்கா அவருடைய தோளைத் தொட்டார். "மகன், நீங்க இழுத்தா உங்கட புள்ளை கீழ வரும். அங்கால இரிக்கிற புள்ளை எங்க போகும்?"

காக்காவின் குரல் அவ்வளவுதான். அது அவருக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் கடல் வருகிறது என்று நம்புகிறவன் எதைக் கேட்பான்? நானும் நம்பினேன். எனக்கும் கால் ஓடத்தான் பார்த்தது. கை மாத்திரம் தண்டில் இருந்தது.

அப்போதுதான் மேலே பார்த்தேன். உச்சியில் நின்றது சரசு அக்காவின் பெட்டி. கச்சான் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தார். கடல் தெரிகிற உயரத்தில் அந்த நேரம் இருந்தது அவர் ஒருவர்தான். அவருடைய முதுகுக்குப் பின்னால்தான் கடல் இருந்தது. அப்படி மாட்டியது நாங்கள்.

காக்காவும் நான் பார்த்த இடத்தைப் பார்த்தார். "கேளு தம்பி" என்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "என்ர குரல் எட்டாது. நீ கேளு."

நான் என் வாழ்நாளில் கத்தியது அந்த ஒரு முறைதான்.

"சரசக்கா! திரும்பிப் பாருங்க! கடல் எங்க நிக்குது?"

"மாட்டன்!" என்றார். கண் திறக்கவில்லை.

"அக்கா, கடல் வருதா இல்லையா எண்டு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்! எங்க ஒருத்தருக்கும் தெரியாது!"

"என்னால ஏலாது தம்பி! நான் பாக்க மாட்டன்!"

"இவங்க இழுத்து விழுத்தப் போறாங்க அக்கா! பிறேக் விடப் போகுது! ஒருக்காப் பாருங்க!"

மேலே இருந்து கச்சான் கொட்டியது. தட்டை விட்டுவிட்டார். சரைகள் எங்கள் தலையில் விழுந்தன. அண்ணாந்து பார்த்தேன். இருக்கையில் முழங்கால் ஊன்றி, முதுகுப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரும்பியிருந்தார்.

"அக்கா!"

"கிடக்கு" என்றார். முதலில் மெதுவாக. பிறகு சத்தமாக. "கிடக்கு தம்பி! கிடந்த இடத்திலயே கிடக்கு!"

நீலச் சட்டைக்காரர் தொங்கியபடியே அண்ணாந்து பார்த்தார். "வடிவாப் பாத்தியா? உள்ளுக்கு வத்திப் போகேல்லயா?" என்று கத்தினார். சுனாமி அன்றைக்குக் கடல் முதலில் பின்வாங்கித்தான் வந்தது. அந்த ஊரில் அது எல்லாருக்கும் தெரியும்.

"வத்தேல்ல! கரையில அலை அடிக்குது, சின்ன அலை! தோணியெல்லாம் கரையில கிடக்கு. ஒராள் கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டு இரிக்கான். ஒரு நாய் படுத்துக் கிடக்கு. அந்த வலைக்கார விசரனுக்கு இஞ்ச நடக்கிறது ஒண்டும் தெரியாது!"

மேலே இருந்த பெண்களில் யாரோ அழுகையோடு சிரித்தார்கள். நீலச் சட்டைக்காரர் கையை விட்டார். மணலில் அப்படியே இருந்துவிட்டார். மற்ற இருவரும் விட்டார்கள். தண்டு என் கையில் ஆறியது.

காக்கா மைக்கை வயரில் பிடித்து இழுத்து எடுத்து வந்தார். என் வாய்க்கு முன்னால் நீட்டினார். "சொல்லு. ஓடுற சனம் வாவிக்குள்ள விழப் போகுது."

தண்டை விட ஏலாது. மைக்கை வேண்டாம் என்று தள்ளவும் கை இல்லை. "கடல் வரேல்ல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கடல் வரேல்ல. ராட்டினத்தில இருந்து பாத்தாச்சு. கடல் கிடந்த இடத்தில கிடக்கு. திரும்பி வாங்க." வேறு ஒன்றும் தெரியாததால் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

சனம் வாவிக்கரை வீதியில் நின்று கேட்டதாம். செல்வம் பிறகு சொன்னான். "நீ சொன்னபடியால்தான்டா நம்பினது. நான் சொல்லியிருந்தா விளம்பரம் எண்டு நினைச்சு இன்னும் ஓடியிருக்கும்."

பிறகு முறைப்படி இறக்கினோம். கீழ்ப்பெட்டி காலியானதும் நான் பிறேக்கை மெல்ல விட்டேன். உச்சியில் இருந்த சரசு அக்காவின் பெட்டி தன் பாரத்தில் இறங்கி வந்தது. காக்கா ஆணியை இழுத்தார். அவர் இறங்கவில்லை.

"நான் இறங்கினா ஆர் பாக்கிறது?" என்றார். முகம் முழுக்கக் கண்ணீர். "மேல விடுங்க. சனம் முழுக்க இறங்கட்டும். நான் பாத்துக்கொண்டு இரிக்கன்."

முறைக்கு அது பிழை. எதிர்ப்பெட்டி வெறுமை, இவர் இருந்தால் ஒரு பக்கம் கனக்கும். காக்கா கொஞ்சம் யோசித்தார். ஆணியைத் திருப்பிப் போட்டார். மணலில் இருந்த நீலச் சட்டைக்காரரைப் பார்த்து, "மகன், எழும்புங்க. இழுக்கப் பெலன் இருந்த உங்களுக்குத் தள்ளவும் பெலன் இரிக்கும்" என்றார். அந்த மனுசர் எழும்பி வந்தார். அவரும் மற்ற இருவரும் காக்கா சொன்ன இடத்தில் பிடித்து, சொன்ன நேரம் தள்ளி, சொன்ன நேரம் விட்டார்கள். அவருடைய பிள்ளைகளின் முறை வந்தபோதும் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பெட்டியாக இறங்கியது. சரசு அக்கா மேலே போகும்போதெல்லாம் முழங்காலில் எழும்பி, "கிடக்கு, கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே போனார். கீழே வரும்போது ஒன்றும் சொல்ல மாட்டார். நாங்கள் அவர் மறுபடி மேலே போகும்வரை காத்திருப்போம்.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஓட்டத்தில் விழுந்து சிலருக்கு முழங்கால் தேய்ந்தது, அவ்வளவுதான். தங்கராசா அண்ணன் தாயைக் கையில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கே வந்து சேர்ந்தார். எங்கள் ஊருக்குப் போன் எடுத்து, என் வீட்டில் எல்லாரும் சுகம் என்று கேட்ட பிறகுதான் மணலில் குந்தினேன். காக்கா ஒரு தேத்தண்ணி வாங்கி என் கையில் தந்தார். நன்றாகச் செய்தாய் என்று சொல்லவில்லை. "றப்பர் மாத்த வேணும்" என்றார்.

மறுநாள் காலையில் ஊர்க்காரர் சிலர் வந்தார்கள். நீலச் சட்டைக்காரரும் இருந்தார். ஏசப் போகிறார்கள் என்று நினைத்தேன். பெட்டிகளைத் திருப்பி மாட்ட ஏலுமா என்று கேட்டார்கள். கடல் தெரியட்டும், தெரிந்தால்தான் நல்லது என்றார்கள். மத்தியானத்துக்குள் மாட்டினோம்.

நிசாந்தனின் பூங்காவில் ஒவ்வொரு பெட்டியின் பாரத்தையும் கொம்பியூட்டர் பார்க்கிறதாம். கரண்ட் போனால் இன்னொரு எஞ்சின் தானாக வேலை செய்யுமாம். காலையில் திறக்கும் முன் ஆட்களை இறக்கிப் பழகிப் பார்ப்பார்களாம். கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு மனுசரின் கண்ணையும், இன்னொரு மனுசனின் தோளையும் நம்பி அத்தனை பிள்ளைகளை ஏற்றினோமே என்று இப்போதும் நினைக்கிறேன். பழகட்டும். நன்றாகப் பழகட்டும். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரை விடக் கூடத் தெரியும், அவரையும் கேளுங்கள் என்று மட்டும் அவனுடைய ஆட்களுக்குச் சொல்லச் சொல்கிறேன்.

பெட்டி திருப்பி மாட்டிய அன்று பின்னேரம் சனம் முந்திய நாளை விடக் கூட வந்தது. சரசு அக்காவும் வந்து வாசலில் கச்சான் பெட்டியைப் போட்டார். மதிலைப் பார்த்தபடி போட்டார். எல்லாப் பெட்டியும் நிறைந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தபோது எழும்பி வந்து காக்காவுக்குப் பக்கத்தில் நின்றார். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பாரம் காணாத பெட்டி ஒண்டும் இல்லையா காக்கா?"

அந்தக் கடைசிப் பெட்டிக்கு எதிரே இருந்தவை இரண்டு சின்னப் பிள்ளைகள். வரிசையிலும் அதே அளவில் இரண்டு பிள்ளைகள் நின்றன. பாரம் சரி. காக்கா பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தண்டில் இரண்டாவது கையையும் வைத்தேன்.

"ஓம் மகள், கிடக்கு" என்றார். "ஏறுங்க."

பிள்ளைகள் அடுத்த முறைக்குப் பொறுத்தன. ராட்டினம் சுற்றியது. அன்றைக்கு அது ஒரு பக்கம் கொஞ்சம் கனமாகத்தான் சுற்றியது. பிறேக் என் கையில் இருந்தபடியால் அது எனக்கு மட்டும் தெரிந்தது.